தண்ணீர் விட்ட பிறகு

மாட்டுக் கொட்டகை, செத்காசெஸ் மலையூருக்கு மேலே
12 ஜூன் 1994

அக்கா,

உயிரோடு இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய், இடுப்பு வலி குறைந்ததா? இதைக் கேட்காமல் கடிதத்தைத் தொடங்கினால் அம்மா கல்லறையிலிருந்து எழுந்து வந்து காதைத் திருகுவாள். அதனால் கேட்டுவிட்டேன்.

சொல்லாமல் கிளம்பி வந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. வீட்டில் போன் மணி அடித்தாலே உடம்பு தூக்கிப் போடுகிறது. அன்றைக்கும் அப்படித்தான் அடித்தது. "உங்க விருந்தாளி ஒருத்தங்க வாய்க்கால்ல விழுந்துட்டாங்க"ன்னு யாரோ சொன்னார்கள். நான் "நல்லா நனைஞ்சிட்டாங்களா?"ன்னு கேட்டேன். சிரித்துக்கொண்டே கேட்டேன், அக்கா. இங்கே போன் இல்லை. ஜெனிஸுக்கு நாற்பது பசு இருக்கிறது, வாய் மட்டும் இல்லை. நம் சித்தப்பா பிள்ளைகளில் இவன் ஒருவன்தான் எதையும் கேட்க மாட்டான் என்று இங்கே வந்தேன்.

அந்தப் பெல்ஜியத்து அம்மாள், மார்லேன், நம் சைக்கிள் பயண விருந்தாளிகளுக்காக நான் எழுதிய வழிப்புத்தகத்தை சைக்கிள் கைப்பிடியில் மாட்டிக்கொண்டுதான் போனாள். மோட்டார் கொட்டகை தாண்டி வலது பக்கம் திரும்பி, பலகையில் வாய்க்காலைக் கடக்கவும் என்று அதில் இருக்கிறது. வலது பக்கம் பலகை இல்லை. திறந்த மதகும் சிமெண்டுச் சுவரும்தான் இருந்தன. வாடைக்காற்று முதுகில் கை வைத்துத் தள்ளுகிறது, கோரை கண்ணை மறைக்கிறது, எப்படி நிறுத்துவாள்? மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது. பலகையை இடது பக்கம் முந்நூறு மீட்டர் தள்ளிப் போட்டிருந்தார்கள்.

எட்டு வருஷமாக நமக்கு ஒரு முறை உண்டு. வயலுக்குத் தண்ணீர் விடுவதற்கு முன் நான் எல்லாப் பாதையிலும் போய்ப் பார்த்து நீலப் பென்சிலில் எழுதுவேன். தண்ணீர் விட்டதும் வாய்க்கால்காரர்கள் பலகைகளைத் தூக்கி அவரவர் வசதிக்கு மாற்றிப் போட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு நீ போய்ப் பார்த்து, அதே தாளில் சிவப்புப் பென்சிலில் திருத்துவாய். உன் தாளைப் பார்த்து நான் தட்டச்சு செய்வேன். முடிந்ததும் தாள் அடுப்புக்குப் போகும். இந்த வருஷமும் அப்படியே போனது.

அந்தத் தாளில் மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தாய்? நீ இடது என்று எழுதி, நான் பழைய ஞாபகத்தில் வலது என்று அடித்துவிட்டேனா? ஒரு தவளை இடம் மாறி உட்கார்ந்தால்கூடச் சிவப்பில் எழுதுகிறவள் நீ. நீ பார்த்திருப்பாய். நான்தான் எங்கேயோ கோட்டை விட்டிருக்கிறேன். ஒரு வரி எழுது. மற்றது எதுவும் வேண்டாம்.

பால்டிரி

*

குவால்த்தா
21 ஜூன் 1994

என் மடத் தம்பிக்கு,

இடுப்பு அதன் வேலையைச் செய்கிறது, நான் என் வேலையைச் செய்கிறேன். நீ சாப்பிடுகிறாயா? ஜெனிஸ் சமைப்பதை மாடுகூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போகும். ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி, பன்றிக் கறியைக் குடலில் அடைத்த தொத்து ஒரு முழம். தொத்தை ஜெனிஸின் நாய்க்குப் போட்டாயென்று கேள்விப்பட்டேன் என்றால் நானே மலையேறி வருவேன்.

இங்கே சான் ஜோன் திருநாள் இரவு நெருப்பு மூட்டச் சதுக்கத்தில் விறகு அடுக்குகிறார்கள். ஓர் ஆங்கிலேயத் தம்பதி போன வாரம் வாசலில் வந்து நின்றார்கள். "வண்டி சத்தம் இல்லாத பாதை வேணும், வயல், பழைய ஊரு, அமைதி"ன்னு அந்த அம்மா கையை விரித்துக் காட்டினாள். பயணம் இந்த வருஷம் இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன். ஒன்பது சைக்கிளும் கொட்டகையில் தொங்குகின்றன. ரொட்டிக்கடைக்காரி இருக்கிறாளே, அவள் என்னைப் பார்த்தாலே குரலைத் தணித்துக்கொள்கிறாள், செத்தது என்னவோ நான்தான் என்பதுபோல. மதகு பார்க்கிற ரொசெந்து தினமும் வேனை நிறுத்தி "பால்டிரி எப்படியிருக்கான்?"னு கேட்கிறான். "உன் மதகைப் போய்ப் பாருடா"ன்னு விரட்டிவிட்டேன்.

போலீஸ்காரர்கள் விபத்து என்று எழுதி வழக்கை மூடிவிட்டார்கள். யாரும் உன்னைத் தேடவில்லை. பிறகு நீ ஏன் உன்னைத் தேடிக்கொண்டிருக்கிறாய்?

தாளைப் பற்றிக் கேட்டாய். அடுப்பில் போனது போனதுதான். அதைக் கிளறி என்ன ஆகப்போகிறது? மேலே குளிரும், கழுத்தை மூடிக்கொள்.

ரெமெய்

*

மாட்டுக் கொட்டகை
1 ஜூலை 1994

அக்காவுக்கு,

பொட்டலம் வந்தது. காலுறை போட்டிருக்கிறேன். தொத்து ஆணியில் தொங்குகிறது, யாரும் தொடவில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

நீ நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். ரொட்டிக்கடைக்காரி இருக்கிறாள், ரொசெந்து இருக்கிறான், நான் கேட்டதற்குப் பதில் மட்டும் இல்லை. என்மேல் இரக்கப்பட்டு மறைக்கிறாய் என்று புரிகிறது. இடது என்று எழுதியிருந்தால் இடது என்று சொல்லேன்! தெரியாமல் இருப்பதுதான் என்னைத் தின்கிறது.

படுத்தால் அந்தத் தாள் கண்ணில் வந்து நிற்கிறது. மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் ஏதோ சிவப்பு இருந்தது. அம்பா, எழுத்தா, வெறும் சரிக்குறியா? கிட்டே போய்ப் படிக்கப் போனால் தாள் அடுப்பில் இருக்கிறது. நேற்றுப் பால் கறந்துகொண்டிருந்தபோது அழுதிருக்கிறேன் போல. ஜெனிஸ் வந்து வாளியை வாங்கிக்கொண்டான். "பாலு உப்புக்கரிக்கப்போவுது, எழுந்திரி"ன்னு சொன்னான். ஒரு வாரத்தில் அவன் பேசியது அவ்வளவுதான்.

சாப்பாடு இறங்கவில்லை. நாற்பத்தாறு வயதில் அக்காவிடம் கெஞ்சுகிறேன். இடதா, வலதா? ஒரே சொல்.

பால்டிரி

*

(எழுதி மடித்து, அனுப்பாமல் வைத்தது)

குவால்த்தா
9 ஜூலை 1994

என் தங்கமே, பால்டிரி,

இடதும் இல்லை, வலதும் இல்லை. நான் அந்தப் பாதைக்குப் போகவே இல்லை.

மே பதினேழாம் தேதி காலையில் பால்ஸ் ஊருக்கு ரோட்டு வழியாகப் போனேன். திரும்பும்போது வயல் வழியாக வந்து ஒவ்வொரு பலகையாகப் பார்ப்பதாக இருந்தேன். ஊரைத் தாண்டியதும் வாடை முகத்தில் அறைந்தது. நம் விருந்தாளிகளை எப்போதும் காற்றுக்கு முதுகு கொடுத்துத்தான் அனுப்புகிறோம், எதிர்த்து மிதிப்பது என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அரை மணி நேரம் மிதித்துப் பார்த்தால் தேவாலயக் கோபுரம் அதே இடத்தில்தான் முதுகுக்குப் பின்னால் இருந்தது. இறங்கினேன். திரும்பி ஊருக்குள் போய்க் காப்பிக்கடையில் உட்கார்ந்தேன். கணவாய் மீன் சோறு சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. அங்கேயே உன் தாளை எடுத்து, போன வருஷம் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும் என்று, நீலத்துக்குப் பக்கத்தில் வரிசையாகச் சிவப்புச் சரிக்குறி போட்டேன். நடுவில் நிஜம்போல் இருக்கட்டும் என்று இரண்டு இடத்தில் 'சேறு, கவனம்' என்றுகூட எழுதினேன்.

உடம்பு சரியில்லை என்றோ, யாரோ செத்துப்போனார்கள் என்றோ சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை. காற்று அடித்தது, சோம்பேறித்தனம். அவ்வளவுதான். ஒன்பது நாள் கழித்து ஒரு பெண்

*

குவால்த்தா
27 ஜூலை 1994

பால்டிரிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, வெயில் என்னைப் படுக்க வைத்துவிட்டது. இப்போது பரவாயில்லை. நீ சாப்பிடவில்லை என்று, கீழே ரிப்போல் ஊரில் இருக்கிற ஜெனிஸின் பெண்டாட்டி போன் பண்ணிச் சொன்னாள். எலும்பும் தோலுமாக ஆகிவிட்டாயாமே.

நீ விடுகிற மாதிரி இல்லை. நானும் யோசித்து யோசித்துப் பார்த்தேன். எனக்கும் சரியாக ஞாபகம் இல்லை. ஒருவேளை இடது என்று எழுதியிருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். அப்படியே இருந்தாலும் என்ன? நூறு பக்கம் தட்டச்சு செய்கிறவன் ஒரு சொல்லை மாற்றி அடித்துவிடுவது உலகத்தில் நடக்காததா? யாருக்கும் நடக்கும். வேண்டுமென்று செய்யவில்லையே நீ. அதை அப்படியே விட்டுவிட்டுக் கீழே இறங்கி வா. உன் அறையை வெள்ளையடித்து வைத்திருக்கிறேன்.

தெரியாமல் இருப்பதுதான் தின்கிறது என்று எழுதினாயே, அதனால்தான் சொன்னேன். இனியாவது சாப்பிடு.

ரெமெய்

*

மாட்டுக் கொட்டகை
5 ஆகஸ்ட் 1994

அக்கா,

நன்றி. வெயில் குறைந்ததா, எழுந்து நடமாடுகிறாயா?

ஆக, நான்தான். உன் கடிதம் வந்த அன்றைக்கு இரண்டு மாதத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். காலையில் கண் விழித்தபோது அது நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது. எழுந்திருக்க ஏன் வேண்டும் என்று தெரியவில்லை. மதியம் வரை அப்படியே கிடந்தேன்.

பள்ளிக்கூட டீச்சராம் அவள். ஓய்வு பெற்ற மறுவாரம் கிளம்பி வந்திருக்கிறார்கள். நம் வீட்டு முற்றத்தில் நின்று என்னிடம் கேட்டாள்: "மேடே கெடையாதுன்னு எழுதியிருக்கீங்களே, நெசமாவா?" நான் "நீங்க மிதிக்கவே வேணாம்மா, காத்தே கூட்டிட்டுப் போவும்"னு சொன்னேன். கூட்டிக்கொண்டு போய்விட்டது.

ஜெனிஸ் வேட்டைத் துப்பாக்கியைக் கொண்டுபோய் மாமனார் வீட்டில் வைத்துவிட்டு வந்தான். எங்கே போனாலும் பத்தடி பின்னால் வருகிறான். பாவம், வைக்கோல் அறுக்க வேண்டிய நேரத்தில் என்னை மேய்த்துக்கொண்டிருக்கிறான்.

நீ என்னைத் திட்டாமல் இருந்ததற்கு நான் தகுதி இல்லாதவன். உன் வேலை எல்லாம் என்னால் பாழாய்ப் போனது. அதற்கும் மன்னிப்பு.

பால்டிரி

*

கென்ட், பெல்ஜியம்
29 ஆகஸ்ட் 1994

மரியாதைக்குரிய ரெமெய் அம்மாவுக்கு,

உங்கள் வீட்டில் எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன். நான் மார்லேனின் கணவன் யோரிஸ். மருத்துவமனையில் மூன்று நாளும் நீங்கள் எனக்குச் சூப்பு கொண்டுவந்து கொடுத்தீர்கள். அப்போது உங்களுக்கு நன்றி சொன்னேனா என்று ஞாபகம் இல்லை. இப்போது சொல்கிறேன்.

புகார் எதுவும் கொடுக்கப்போவதில்லை. ஆனால் அக்டோபர் எட்டாம் தேதி, சனிக்கிழமை, மறுபடி வருகிறேன். அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். அன்றைக்கு எது எங்கே இருந்தது என்றே எனக்கு நினைவில்லை. பாதை தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது. உங்கள் தம்பிக்கும் எழுதியிருக்கிறேன். விலாசம் உங்கள் ஊர்த் தபால்காரர் கொடுத்தார்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். அன்று காலை நான்தான் அவளிடம், "நீ முன்னால போ, புத்தகம் உன்கிட்டதானே இருக்கு"ன்னு சொன்னேன். நான் முன்னால் போயிருந்தால் நானாவது பார்த்து நிறுத்தியிருப்பேனா? இல்லை, அந்தப் பாதையே தவறா? எங்களுக்கு முன்னால் யாராவது போய்ப் பார்த்தார்களா? எதுவாக இருந்தாலும் தாங்கிக்கொள்வேன். தெரியாமல் இருப்பதுதான் முடியவில்லை.

வணக்கத்துடன்,
யோரிஸ்

*

குவால்த்தா
10 செப்டம்பர் 1994

பால்டிரி,

எப்படியிருக்கிறாய் என்று கேட்கவே பயமாக இருக்கிறது. எனக்கு ஒன்றுமில்லை, தூக்கம்தான் இல்லை.

யோரிஸ் உனக்கும் எழுதியிருப்பார். போகாதே. கெஞ்சிக் கேட்கிறேன். நீ இருக்கிற நிலைமையில் அந்த மனுஷனுக்கு முன்னால் போய் நின்றால் இரண்டு பேருமே உடைந்துபோவீர்கள். என்னால் வர முடியவில்லை என்று ஒரு வரி எழுதிப் போட்டுவிடு. நான் பார்த்துக்கொள்கிறேன். வாய்க்காலில் யார் பலகையை எடுத்தார்கள், எப்போது எடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது என்று நான் அவருக்குச் சொல்லிவிடுகிறேன். சமாதானமாகப் போய்விடுவார்.

அறுவடை தொடங்கிவிட்டது. ஊரெல்லாம் தூசி. ஆப்பிள் பறிக்க ஆள் கிடைக்கவில்லை என்று எல்லோரும் அலைகிறார்கள். வந்தால் உனக்கு வேலை இருக்கிறது, வேலை செய்தால் மனசு ஆறும். ஆனால் எட்டாம் தேதி கழித்து வா. அதற்கு முன்னால் வராதே.

ரெமெய்

*

மாட்டுக் கொட்டகை
20 செப்டம்பர் 1994

அக்கா,

தூங்கு. எனக்காக விழித்திருக்காதே.

நான் போகிறேன். யோரிஸுக்கு எழுதிவிட்டேன். ஏழாம் தேதி இறங்கி ரயில் ஏறுகிறேன், எட்டாம் தேதி காலை பத்து மணிக்கு மோட்டார் கொட்டகை. அவர் கண்ணைப் பார்த்துச் சொல்லப்போகிறேன்: "இடதுன்னு வந்ததை வலதுன்னு அடிச்சவன் நான்தான்." இதைச் சொல்லாமல் என்னால் இந்த உலகத்தில் ஒரு வாய் ரொட்டிகூடத் தின்ன முடியாது. அடித்தால் வாங்கிக்கொள்வேன்.

யாருக்கும் தெரியாது என்று சொல்லிவிடுகிறேன் என்கிறாய். நீ அப்படிப் பேசுகிறவள் இல்லையே. எனக்காகப் பொய் சொல்லவும் துணிந்துவிட்டாய் பார். நீ அந்தப் பக்கம் வர வேண்டாம். என் தப்பில் உன்னை நிறுத்த மாட்டேன். வீட்டுக்கும் வரமாட்டேன், உன் முகத்தைப் பார்த்தால் சொல்ல வந்ததைச் சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகு என்ன என்று ஜெனிஸ் கேட்டான். எனக்குத் தெரியவில்லை, அக்கா. அதற்குப் பிறகு என்று ஒன்று கண்ணுக்குத் தெரியவில்லை.

பால்டிரி

*

குவால்த்தா
30 செப்டம்பர் 1994

பால்டிரி, என் கண்ணே,

இதை நின்றுகொண்டே படிக்காதே, உட்கார். நீ தப்பு செய்யவில்லை. தாளில் என்ன இருந்ததோ அதைத்தான் அடித்தாய்.

தாளில் மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் சரிக்குறி இருந்தது. அதை நான் பால்ஸ் காப்பிக்கடையில் உட்கார்ந்து போட்டேன். மே பதினேழாம் தேதி வயல் பாதையில் நான் போகவே இல்லை. காற்று எதிர்த்தது, திரும்பிவிட்டேன். ரொசெந்துதான் என்னையும் சைக்கிளையும் வேனில் போட்டுக்கொண்டு ரோட்டு வழியாக வந்து வீட்டில் விட்டான். அவனுக்குத் தெரியும். போன வாரம் வாசலில் வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான்.

"ரெமெய், தம்பிகிட்ட சொல்லிட்டியா?"

"எதை?"

"எதைன்னா என்னைக் கேக்குற? பலகையை மாத்திப் போட்டவன் நான். வருஷா வருஷம் மாத்துறோம், வருஷா வருஷம் நீ வந்து பாத்துட்டுப் போவ. இந்த வருஷம் நீ வரலன்னு எனக்குத் தெரியும், நான் வாயைத் திறக்கல. எனக்கும் தூக்கம் இல்ல. அவன் சாவறதுக்குள்ள சொல்லிடு."

இடது என்று எழுதியிருக்கலாம் என்று ஜூலையில் உனக்கு எழுதினேன். அது பொய். நீ சாப்பிட வேண்டும் என்று சொன்ன பொய் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். இல்லை. நீ ஏற்கெனவே அதைச் சுமந்துகொண்டிருந்தாய், நான் மேலே இன்னும் கொஞ்சம் ஏற்றிவிட்டு விலகிக்கொண்டேன். இந்த ஊரில் எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையசைத்துப் 'பாவம் ரெமெய்' என்கிறார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது, பால்டிரி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

இன்றைக்கு அந்தப் பாதையில் போனேன். காற்றே இல்லை. இருபத்தைந்து நிமிஷம் ஆனது. வெறும் இருபத்தைந்து நிமிஷம்.

நீ யோரிஸுக்கு எதுவும் சொல்லாதே. உன்னைக் காப்பாற்றத்தான் எழுதுகிறேன். வந்து என்னைக் கொன்று போடு, ஆனால் நீ உயிரோடு இரு.

ரெமெய்

*

மாட்டுக் கொட்டகை
16 அக்டோபர் 1994

ரெமெய்க்கு,

மழையில் மலை ரோடு அடித்துக்கொண்டு போய்விட்டது. தபால் வண்டி பத்து நாள் மேலே வரவில்லை. நான் ஏழாம் தேதி ஆட்டுத் தடத்தில் நடந்தே இறங்கினேன். உன் கடிதம் கீழே ஊரில் சாக்குப் பைக்குள் கிடந்திருக்கிறது. அதைத் தாண்டித்தான் போயிருக்கிறேன்.

நான் வீட்டுக்கு வராததைப் பார்த்து, கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் வரவில்லை என்று நீ நினைத்திருப்பாய். யோரிஸிடம் வாயைத் திறக்க மாட்டேன் என்றும் நினைத்திருப்பாய். ஆகவே என்ன நடந்தது என்று கேள்.

வாய்க்காலில் தண்ணீர் இல்லை. அறுவடைக்காக வடித்துவிட்டார்கள், அடியில் ஒரு சாண் சேறு. யோரிஸ் குனிந்து பார்த்துவிட்டு, "இதுலயா?"ன்னு கேட்டார். மறுபடி, "இவ்வளவுதானா ஆழம்?" நான் மதகின் சிமெண்டு விளிம்பைக் காட்டினேன். அவர் அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். பிறகு கோட்டுப் பையிலிருந்து வழிப்புத்தகத்தை எடுத்தார். நனைந்து காய்ந்து உப்பியிருந்தது. "யாரு எழுதினது?"

"நான்தான். இடதுன்னு எங்கக்கா சரியா எழுதிக் கொடுத்தா. நான் வலதுன்னு அடிச்சிட்டேன்."

அவர் கோரை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப நான் அவளை முன்னால போகச் சொன்னதால இல்ல?"

"இல்லய்யா. நீங்க போயிருந்தா நீங்க விழுந்திருப்பீங்க."

அழுதார். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். நான் கையை நீட்டினேன். அவர் பார்த்தார், எடுத்துக்கொள்ளவில்லை. "ஒரு சொல்லு. ஒரே ஒரு சொல்லு. திரும்ப ஒருதரம் படிச்சுப் பாத்திருக்கக் கூடாதா?"ன்னு கேட்டார். நான் தலையைக் குனிந்தேன். அவர் ரோட்டுப் பக்கம் நடந்து போய்விட்டார். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

திரும்பி வந்தேன். பதினாலாம் தேதி உன் கடிதம் வந்தது. மூன்று தரம் படித்தேன். "நான் இல்ல, நான் இல்ல!"ன்னு கத்தினேன். மாடுகள் மிரண்டு ஓடின, ஜெனிஸ் பயந்துபோய் வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். அன்றைக்கு நாலு முட்டை தின்றேன். இதை உனக்குச் சொல்ல வேண்டும், நீ என் சாப்பாட்டைக் கேட்டுக்கொண்டே இருந்தவள்.

அதற்குப் பிறகு கோபம் வந்தது. நீ பாதைக்குப் போகாததற்கு இல்லை. காற்று எனக்கும் தெரியும். நானும் ஒரு மார்ச் மாதம் பாதி வழியில் திரும்பியிருக்கிறேன். ஜூனில் கேட்டேன், ஜூலையில் கெஞ்சினேன். துப்பாக்கியை எடுத்துப்போய் ஒளித்து வைத்தார்கள் என்று எழுதினேன், அதைப் படித்துவிட்டும் ஐம்பத்தாறு நாள் நீ உண்மையை எழுதவில்லை. எண்ணிப் பார்த்தேன், அக்கா. வீட்டிலிருந்து மோட்டார் கொட்டகை பத்து நிமிஷ சைக்கிள் தூரம். எட்டாம் தேதி நீ வந்திருக்கலாம். நான் வராதே என்று சொன்னேன்தான். அதற்காக வராமல் இருந்துவிடுவாயா?

உன் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். இதைப் படிக்க வேண்டியவர் கென்டில் இருக்கிறார். என் வாயால் நான் அவருக்குச் சொல்ல மாட்டேன். சொன்னால் உன்னைக் காட்டிக்கொடுத்து என்னைக் கழுவிக்கொண்டதாக ஆகும். நீ எழுது. எழுதினேன் என்று எனக்கு ஒரு வரி போடு. அதுவரை உன்னிடமிருந்து காலுறையோ தொத்தோ எனக்கு வேண்டாம்.

இடுப்பு எப்படியிருக்கிறது?

பால்டிரி

*

குவால்த்தா
24 அக்டோபர் 1994

மரியாதைக்குரிய யோரிஸ் அவர்களுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். உங்கள் சுகத்தைக் கேட்க எனக்கு வாய் இல்லை. அதனால் நேராக எழுதுகிறேன்.

என் தம்பி மதகுக்குப் பக்கத்தில் உங்களிடம் சொன்னது நிஜமில்லை. அவன் பொய் சொல்லவில்லை, நான் சொன்ன பொய்யை நம்பிச் சொன்னான். அவன் ஒரு சொல்லைக்கூட மாற்றி அடிக்கவில்லை. தண்ணீர் விட்ட பிறகு அந்தப் பாதையைப் போய்ப் பார்க்க வேண்டியவள் நான். உங்களுக்கு முன்னால் யாராவது போய்ப் பார்த்தார்களா என்று ஆகஸ்டில் என்னைக் கேட்டீர்கள்.

யாரும் போகவில்லை. நான் காப்பிக்கடையில் உட்கார்ந்து, போய்ப் பார்த்ததாகக் குறி போட்டேன்.

உங்களுக்குச் சூப்பு கொண்டுவந்த மூன்று நாளும் இது எனக்குத் தெரியும்.

நீங்கள் என்ன செய்தாலும் அது நியாயம். போலீஸில் சொல்ல வேண்டுமென்றால் சொல்லுங்கள், நானே வந்து கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். என் தம்பி கை நீட்டினானாம், நீங்கள் எடுத்துக்கொள்ளவில்லையாம். அவன் விலாசம் உங்களிடம் இருக்கிறது. அவனுக்கு இரண்டு வரி எழுதுங்கள். எனக்கு எழுத வேண்டாம்.

ரெமெய்